கொசுறு கேட்காத தேசம்

கள்ளக்குறிச்சி,
புரட்டாசி, 1987

அன்புள்ள தம்பி அறிவுச்செல்வனுக்கு, திருநாவலூர் ஈஸ்வரன் புண்ணியத்தில் அக்கா ராணியம்மாள் எழுதுவது. இங்கு யாவரும் நலம், உன் மாமாவைத் தவிர. அவருக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை.

எந்தெந்த நாட்டுக்காரனுக்கு என்னென்ன குணம், எந்தக் குணமுள்ளவன் முதலாளி ஆகிறான் என்று நீ கல்லூரிக்கு எழுதிய கட்டுரையை அனுப்பியிருந்தாயே, அதில் வந்தது வினை. வெளிநாட்டான் யாரையும் கேட்காமல் முடிவெடுப்பான், நேரம் தவறமாட்டான், நட்டத்துக்கு அஞ்சமாட்டான். நம்மவர் பெண்டாட்டியிலிருந்து பல்லி வரை கேட்டுவிட்டுத்தான் கடையே திறப்பார்கள் என்று எழுதியிருந்தாய். படித்த மறுநாளே உன் மாமா யாரையும் கேட்காமல் அரிசி ஆலைக் கணக்கு வேலையை விட்டுவிட்டு, கல்வராயன் மலைச் சாமையும் புளியும் விற்கக் கடை திறந்தார், அதுவும் சரியாக ராகுகாலத்தில். வாசலில் பலகை: "ஒரே விலை. கொசுறு கிடையாது." நைனார்பாளையத்துச் சின்னப்பொண்ணு புளி வாங்கிவிட்டு வழக்கம்போலக் கையை நீட்டினாள். "இன்னா மாமா, ரெண்டு சுள மேல போடக் கை வர்லியா?" "அமெரிக்காவுல யாரும் கொசுறு கேக்கமாட்டாங்க." "அப்ப அங்கியே போயி கடைய வையி!" என்று புளியைத் திருப்பிக் கொட்டிவிட்டுப் போனாள். அவளோடு அவள் ஊரே போய்விட்டது.

அந்த வாரம்தான் இட ஒதுக்கீட்டுப் போராட்டத்தில் சாலையில் மரம் வெட்டிப் போட்டார்கள். நம் கடைக்கு எதிரிலேயே ஒரு பஸ் நின்றுவிட்டது. பிள்ளைகள் பசியில் அழுகின்றன. உன் மாமாவோ பன்னிரண்டு அடித்ததும் கடையைப் பூட்டி, "சாப்பாட்டு நேரம்னா நேரந்தான்" என்று வீட்டில் வந்து படுத்துவிட்டார். ஈஸ்வரனை நினைத்துக்கொண்டு மாற்றுச்சாவியால் திறந்தேன். சாமையில் உப்புமா கிண்டி விற்று, கேட்டவர்க்கும் கேட்காதவர்க்கும் ஒரு கரண்டி கொசுறும் போட்டேன். கண்டக்டர் பாவாடை, "இன்னா அரிசிம்மா இது, இம்மாம் ருசியா கீது?" என்றார். "மலைச் சாமைங்க." தூங்கி எழுந்து வந்த உன் மாமா, "என் கொள்கையையே கெடுத்துட்டியே" என்றவர்தான், அதற்குப் பிறகு என்னிடம் பேச்சில்லை.

ஆலைக்காரர் வெள்ளிக்கிழமை வரைக்கும் இடம் வைத்திருக்கிறாராம். அதுவும் போனால் என் மகள் சந்தியாவின் படிப்பு என்னாவது? ஆகவே தம்பி, கட்டுரையில் எழுதியது சரிதான், நம்மவருக்கு வியாபாரம் வராது, வேலைக்கே போங்கள் என்று அவருக்கு உடனே எழுது. நான் சொன்னதாகச் சொல்லாதே. ஈஸ்வரன் உனக்கு நல்ல புத்தியும், கட்டுரைக்கு நல்ல மார்க்கும் தரட்டும்.

இப்படிக்கு,
அக்கா ராணியம்மாள்

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போனபோது கண்டக்டர் பாவாடை வந்தார். "எங்க டிப்போவுல எல்லாருக்கும் வாராவாரம் சாமை வேணும்மா. கொசுறு உண்டுல்ல?" உண்டு என்றேன். நேரே ஆலைக்காரரிடம் போய், வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு வந்தேன். உன் மாமாவைக் கேட்கவில்லை, பல்லியையும் கேட்கவில்லை. அவருக்கு நீ எதுவும் எழுத வேண்டாம். இது எந்த நாட்டுக் குணம் என்று மட்டும் எனக்கு எழுது.