'குறிப்பு' என்ற கட்டத்தை மறைக்கச் சொல்லி

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. உனக்கும் உன் மனைவி மக்களுக்கும் ஒரு குறையும் வைக்காத ஆண்டவன், எனக்கு மட்டும் அடுத்த மாதத்து முதல் சனிக்கிழமையை வைத்திருக்கிறான். உன் அத்தான் நலம். நன்றாகச் சாப்பிட்டு நன்றாகத் தூங்குகிறார். அதுவே எனக்குப் பாதி எரிச்சல். போனில் பேசினால் படிக்கட்டு முழுக்கக் கேட்கும் என்பதால்தான் எழுதுகிறேன்.

நம் குடியிருப்பின் மாடிப்படிக்குக் கீழே இருக்கும் பொதுச் சாமான் அறையின் சாவி பதினோரு வருடமாக என்னிடம் இருப்பது உனக்குத் தெரியும். பெரிய பாத்திரம், மடக்கு நாற்காலி, சுவரில் துளை போடும் மிஷின் என்று எல்லோரும் கொடுத்து வைத்ததை அவசரத்துக்கு எல்லோரும் எடுத்துப் போவார்கள், திருப்பித் தருவார்கள். நீ இருக்கும் ஊரிலும் அப்படி ஓர் அறை உண்டு, இரண்டையும் சேர்த்து வைக்கிறேன் என்று நீ சொன்னபோது, கடல் தாண்டிய சகவாசத்தால் நமக்கு என்ன வந்துவிடப் போகிறது என்று நினைத்தேன். தப்புதான். அவர்கள் அனுப்பிய சக்கர நாற்காலியில் எலக்ட்ரீஷியனின் அம்மா மூன்று வருடத்துக்குப் பிறகு தெருமுனை வரை போய்விட்டு வந்தார். வந்து, "தெரு ஒண்ணும் மாறலே, நீங்கதான் எல்லாரும் குண்டாயிட்டீங்க" என்றார். நான் உள்ளே போய் ஆண்டவனுக்கு நன்றி சொல்லிக் கொஞ்சம் அழுதேன்.

ஆனால் பதிலுக்கு அவர்கள் கேட்டது என்ன? எங்கள் அறையிலிருந்து நூறு சாமான் போனால் எழுபதுதான் திரும்புகிறது, உங்களுக்கு மட்டும் எப்படி எல்லாம் திரும்புகிறது என்றார்கள். கொடுக்கல் வாங்கல் எழுதி வைக்கும் நோட்டைப் படம் எடுத்து அனுப்பு அக்கா என்றாய் நீ. என் கையெழுத்தைப் பார்க்கத் தம்பிக்கு ஆசை போலிருக்கிறது என்று நாற்பது பக்கத்தையும் அனுப்பிவிட்டேன். இப்போது அதை வரிக்கு வரி மொழிபெயர்த்துச் சுவரில் மாட்டியிருக்கிறார்களாம், அந்தச் சனிக்கிழமை இரண்டு ஊர்க்காரர்களும் திரையில் எதிரெதிரே உட்கார்ந்திருக்க, சத்தமாகப் படிக்கப் போகிறார்களாம், அதுவும் உன் மகள் தமிழில்! தம்பி, பெயர், சாமான் என்ற இரண்டு கட்டத்துக்குப் பக்கத்தில் 'குறிப்பு' என்று மூன்றாவது கட்டம் ஒன்று இருக்கிறதே, அது உன் கண்ணில் படவில்லையா? அது யாருக்கு எதைக் கொடுக்கலாம் என்று என் நினைவுக்காக எழுதியது. 'தையல்காரம்மா: பாத்திரம் வந்தது, மூடி வரவில்லை. மூடியே தரவில்லை என்று சத்தியம் செய்துவிட்டு மறுநாள் மூடியோடு வருவாள்.' 'மூன்றாம் மாடிக்காரர்: துளை மிஷின் கேட்டார், கொடுக்கவில்லை. போன முறை துளை பக்கத்து வீட்டில் போய் முடிந்தது.' 'சங்கத் தலைவர்: நாற்காலி இருபது. தானே தூக்கி வந்ததாகச் சொல்வார். தூக்கியது மனைவி.'

மூன்று நாளாக எனக்கு ஒரு வாய் இறங்கவில்லை. புது நோட்டு ஒன்றில் எல்லோரையும் 'தங்கமானவர்' என்று எழுதி மாற்றி அனுப்பலாம் என்று உட்கார்ந்தேன். பொய் எழுதிப் பழக்கமில்லையா, ஏழாவது தங்கத்தில் கை நின்றுவிட்டது. உன் அத்தானிடம் சொன்னால், "உண்மையைத்தானே எழுதியிருக்கே, இதுல என்ன பயம்?" என்கிறார்.

"உங்களைப் பத்தியும் எழுதியிருக்கேன்."

படுத்திருந்தவர் எழுந்து உட்கார்ந்தார். "என்னன்னு?"

"சனிக்கிழமை கேட்டுக்குங்க."

இந்த லட்சணத்தில் தையல்காரம்மா வேறு வழிமறித்து, "அக்கா, நம்ம பேரையெல்லாம் வெளிநாட்டுல சுவத்துல மாட்டியிருக்காங்களாமே! நான் புதுத் துணி தைச்சுப் போட்டுக்கிட்டு வர்றேன்" என்கிறாள். பதினோரு வருடமாக இந்தப் படிக்கட்டில் ஒருத்தர் என்னைப் பார்த்து முகம் திருப்பியதில்லையடா. இனிமேல் யார் என் வாசலுக்கு வந்து ஒரு கரண்டி கேட்பார்கள்? சாவியை யார் என்னிடம் விட்டுவைப்பார்கள்?

ஆகவே உன் கையைப் பிடித்துக் கேட்கிறேன், அந்தக் கட்டத்தின் மேல் காகிதம் ஒட்டி மறைத்துவிடு. முடியாவிட்டால் கரண்ட் போய்விட்டது என்று கூட்டத்தையே நிறுத்து. அதையும் நீயே சொல், நான் பொய் சொல்ல மாட்டேன். அவர்கள் கோபித்துக்கொண்டு அடுத்த பெட்டியை அனுப்பாவிட்டாலும் பரவாயில்லை. இல்லை, பரவாயில்லை என்று எப்படி எழுதுவேன், அதில் நோயாளிக் கட்டில் வருகிறதே. நீயே ஒரு வழி பண்ணு.

உன் மனைவிக்கு என் அன்பு. பிள்ளைகளுக்கு ஆயிரம் ஆசீர்வாதம். உன் மகளுக்கு மட்டும் அந்த ஒரு நாள் தொண்டை கட்டிக்கொள்ள வேண்டும் என்று பிரார்த்திக்கிறேன், தப்பாக நினைக்காதே.

இப்படிக்கு,
பதறிக்கொண்டிருக்கும் அக்கா

பின்குறிப்பு: இதை உன் அத்தான் தபாலில் சேர்க்காமல் சட்டைப்பையிலேயே வைத்திருந்துவிட்டார். சனிக்கிழமை வந்து போயும்விட்டது. எழுதியதை வீணாக்க மனமில்லாமல் அனுப்புகிறேன். உன் மகள் குரல் கணீரென்று இருந்தது. முதல் மூன்று வரிக்கும் இங்கே எல்லோரும் என்னையே திரும்பிப் பார்த்தார்கள். அப்புறம் உங்கள் ஊர்க்காரர்கள், எங்கள் மேயர் புல்வெட்டும் மிஷினை வாங்கிப்போய் இரண்டு வருடம் ஆகிறது என்றதும், "அட, அங்கேயும் நம்மள மாதிரிதானா!" என்று தையல்காரம்மா சிரித்தாளே, அதோடு எல்லோரும் சிரித்துவிட்டார்கள். நீ திரையை அணைத்த பிறகு நடந்ததுதான் உனக்குத் தெரியாது. கீழ்த்தளத்து ரிடையர்டு வாத்தியார் ஒருத்தர், இதுவரை எதையும் இரவல் கேட்காதவர், முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு, "இத்தனை வருஷமா இங்கதான் இருக்கேன், என்னைப் பத்தி ஒரு வரி இல்லையேம்மா" என்றார். இன்று காலையில் வந்து ஏணி கேட்டு வாங்கிப் போனார். சாயங்காலம் துடைத்துக் கொண்டுவந்து வைத்துவிட்டு, "எழுதியாச்சா? படிங்க" என்று நின்றார். படித்தேன்: 'ஏணி வாங்கினார். ஏறவில்லை.' கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, "அங்க அனுப்பிடுவீங்கல்ல?" என்றார்.

அந்தப் பக்கத்தின் நகலை இத்துடன் வைத்திருக்கிறேன். மேலே சொன்ன எதையும் செய்யாதே. இதை மட்டும் எல்லோர் கண்ணிலும் படுகிற உயரத்தில் மாட்டச் சொல்.