சம்பந்தி ‘ம்’ கொட்டாததால் நின்றுபோன பேச்சு

அன்பு மாப்பிள்ளைக்கு,

மாமனார் எழுதுவது. எல்லாரும் சுகம் என்று முதல் வரியில் எழுதுவது மரியாதை, எழுதிவிட்டேன். நிலவரம் வேறு. உங்கள் மாமியார் என்னோடு பேசி ஒன்பது நாள் ஆகிறது, சின்னவளின் கல்யாணம் அந்தரத்தில் தொங்குகிறது, இரண்டுக்கும் காரணம் நீங்கள் சொல்லிக்கொடுத்த வித்தை.

போன மாதம் இங்கே பத்து நாள் தங்கியிருந்தீர்களே, அப்போது உங்கள் கம்ப்யூட்டரில் என்னதான் வேலை என்று கேட்டேன். ஜெனரேட்டர் என்றீர்கள். கரண்ட் போனால் ஓடுமே, அதுவா என்றேன். “இல்ல மாமா, இது புரோகிராம்ல வர்றது. சாதாரண வேலைன்னா ஆரம்பிச்சா முடிச்சுட்டுத்தான் ஓயும். இது ஒண்ணே ஒண்ணைக் கொடுத்துட்டு அப்படியே நின்னுடும். அடுத்ததுன்னு கேட்டா, விட்ட இடத்துலேருந்து தொடரும்” என்றீர்கள். சமையலறையிலிருந்து உங்கள் மாமியார், “இவருக்கு முதல்ல அதைக் கத்துக்கொடுங்க, புண்ணியமாப் போகும்” என்றாள். முப்பத்தோரு வருஷம் பேருந்து நிலைய ஒலிபெருக்கியில் அறிவித்தவன் நான். ஆரம்பித்தால் நிறுத்த மாட்டேன், நடுவில் யாராவது தும்மினால் மறுபடி முதலிலிருந்து சொல்வேன், ஒப்புக்கொள்கிறேன். அதனால்தான் நீங்கள் சொன்ன ஏற்பாட்டுக்குச் சம்மதித்தேன்: ஒரு வாக்கியம் சொல்லி நிற்பேன், கேட்பவர் ‘ம்’ கொட்டினால் அடுத்தது. நீங்கள் ஊருக்குக் கிளம்பும்போது அது எனக்கு நன்றாகவே படிந்திருந்தது.

சின்னவள் விரும்பும் பையனின் அப்பா, அந்த மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர், மனைவியோடு வந்தார். மகளைப் பற்றிச் சொன்னேன். படிப்பைச் சொல்லி நின்றேன், அந்த அம்மாள் ‘ம்’ என்றாள். வேலையைச் சொன்னேன், ‘ம்’. குணத்தைச் சொன்னேன், ‘ம்’. “அவகிட்ட ஒரே ஒரு குறை உண்டு” என்றேன். நின்றேன். அந்த அம்மாள் வாயைத் திறக்கவில்லை. கண்ணாடிக்கடைக்காரர் மின்விசிறியைப் பார்த்தார். உங்கள் மாமியார் கண்ணை உருட்டினாள். கண்ணை உருட்டினால் ‘ம்’ கணக்கில் வருமா? டீ ஆறி ஆடை கட்டிவிட்டது. எழுந்து போய்விட்டார்கள். அவர்கள் தெருமுனை திரும்பிய பிறகு, வாசலில் நின்ற என்னைப் பார்த்து எதிர்வீட்டுக்காரர், “ம்?” என்றார். “காலையில எட்டு மணிக்கு முன்னாடி எழுந்திருக்க மாட்டா” என்று அவரிடம் முடித்தேன்.

மாலையில் உங்களுக்குப் போன் செய்தேன். “கவலையே படாதீங்க மாமா, கன்டின்யுவேஷன் இருக்கு. நின்ன இடத்துக்கப்புறம் நடக்க வேண்டிய மீதி மொத்தத்தையும் ஒரு சீட்டுல எழுதிடுங்க. யார் எப்ப எடுத்தாலும், கையில இருக்கறதைப் போட்டுட்டு நேரா அந்த இடத்துக்கே போய்த் தொடரலாம்” என்றீர்கள். எழுதினேன்: ‘குறை என்னவென்றால், எட்டுக்கு முன் எழ மாட்டாள். மற்றபடி தங்கம். தேதி குறித்துவிடலாமா?’ ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டினேன். ஏணி கேட்க வந்த என் மைத்துனர் படித்தார், ஏணியைப் போட்டார் (என் கால்மேல்), அவர்களுக்குப் போன் போட்டார். சிரித்துவிட்டு ஐந்தாம் தேதி என்றார்களாம். என்னோடு பேசாததால் இது தெரியாத உங்கள் மாமியார், அதே சீட்டைப் படித்து, அடுப்பில் பாலைப் பொங்கவிட்டுப் பையனின் அம்மாவை அழைத்துப் பன்னிரண்டாம் தேதி குறித்தாள். மறுநாள் என் அக்கா படித்தாள், இருபது. ஒரு தடவை எடுத்த சீட்டைக் கிழித்துப்போட வேண்டும் என்று நீங்கள் ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? நேற்று கண்ணாடிக்கடைக்காரரே கூப்பிட்டு, “உங்களுக்கு மொத்தம் எத்தனை பொண்ணுங்க?” என்று கேட்டார். வீட்டில் யாராவது ஒருவர் தெளிவாகப் பேசும்வரை கல்யாணம் இல்லையாம்.

ஆகவே நீங்களே நேரில் வந்து இதைப் பேசி முடிக்க வேண்டும், காலில் விழாத குறையாகக் கேட்கிறேன். சின்னவள் என்னவோ சிரித்துக்கொண்டுதான் வளைய வருகிறாள். உள்ளுக்குள் என்ன பாடுபடுகிறாளோ, பார்க்க எனக்குத்தான் தாங்கவில்லை.

மூத்தவளுக்கும் பேத்திக்கும் என் ஆசிகள். நீங்களும் நீடூழி வாழ்க, வித்தைகளை மட்டும் குறைத்துக்கொள்க.

இப்படிக்கு,
வாயடைத்துப்போன மாமனார்

பி.கு.: மேலே உள்ளது எதையும் படிக்க வேண்டாம். உறையை ஒட்டும்போது சின்னவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, “அப்பா, கோபப்படாதீங்க. நாங்க போன மாசமே பதிவுக் கல்யாணம் பண்ணிக்கிட்டோம்” என்றாள். கொஞ்சம் அழுதேன், பிறகு ஆசீர்வாதம் செய்தேன், மனசு லேசாகிவிட்டது. சான்றிதழையும் காட்டினாள். சாட்சிக் கையெழுத்து உங்களுடையது. உங்கள் மாமியாருக்கு இன்னும் விஷயம் தெரியாது, மாப்பிள்ளை. நான் சொல்லப்போவதில்லை. சாட்சி வந்து சொல்லட்டும்.