தூசி விழாத கண்

லிஃப்ட்காரர் ஓய்வு பெற்ற அன்றைக்கே ஒரு சபதம் எடுத்தார். இனிமேல் தினமும் சாயங்காலம் மனைவிக்கு எதிரே உட்கார்ந்து, அவள் முகத்தைப் பார்த்து நாலு வார்த்தை பேசுவது! முப்பத்திரண்டு வருஷம் லிஃப்ட் ரிப்பேரிலேயே போய்விட்டது. ஊரார் எல்லாரையும் மேலே ஏற்றிக் கீழே இறக்கியவர், வீட்டுக்காரியை நேராகப் பார்க்க மறந்துவிட்டார். நல்ல மனுஷன்தான். என்ன, கொஞ்சம் லேட்.

அம்மாளுக்கோ நிமிர நேரமில்லை. சாப்பாட்டு மேஜை முழுக்கக் கண்கள். பயந்துவிடாதீர்கள், பொம்மைக் கண்கள். பொம்மை செய்கிறவர்கள் கேட்டனுப்புவார்கள், இவள் வீட்டிலேயே வார்த்துக் கொடுப்பாள். தெளிந்த ரெசின் பிசினில் கெட்டியாக்கும் மருந்தைக் கலந்து, குமிழ் வராமல் நிதானமாகக் கிண்டி, சின்னச் சின்னக் குழி அச்சுகளில் ஊற்றுவாள். வர்ணம் தீட்டிய கருவிழியை அதில் குப்புறப் படுக்க வைப்பாள். மேலே வெள்ளை ஊற்றி மூடுவாள். மறுநாள் பிதுக்கி எடுத்துத் தேய்த்து மெருகு போட்டால், அசல் கண்ணாடிக் கண் தோற்றுப்போகும்.

"இந்தாம்மா, ஒரு விஷயம்..."

"உஷ்! குமிழ் வந்துரும்."

"நான் பேசினா குமிழ் எப்படி வரும்?"

"நீங்க பேசினா எனக்குச் சிரிப்பு வரும். சிரிச்சா கை ஆடும். கை ஆடினா குமிழ்."

"அப்ப சிரிச்சுடேன், பாத்து எவ்வளவு நாளாச்சு!"

"இது கெட்டியாகட்டும், சிரிக்கிறேன்."

கெட்டியாக இருபத்துநாலு மணி நேரம். அதற்குள் அடுத்த அச்சு வந்துவிடும்.

எதிர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தவருக்குப் பார்க்கக் கிடைத்ததெல்லாம் அவள் வகிடுதான். அதில் இத்தனை நரை எப்போது விழுந்தது? அவருக்குத் தெரியவில்லை. மேஜையில் நாற்பது கண்கள் அவரையே பார்த்தன. வேண்டிய இரண்டு மட்டும் பார்க்கவில்லை.

கீழ்வீட்டுத் தையல்காரரிடம் போய்ப் புலம்பினார். அவர் பொம்மைகளுக்குச் சட்டை தைக்கிறவர், விவரமான ஆள்.

"அண்ணே, அந்தம்மா நாள் பூரா எதைப் பாக்கறாங்க?"

"கண்ணை."

"எந்தக் கண்ணை ரொம்ப நேரம் பாப்பாங்க?"

"கோளாறு உள்ள கண்ணை. லென்ஸை வச்சுக்கிட்டு விடவே மாட்டா."

"அப்புறம் என்ன முழிக்கறீங்க? கண்ணுல தூசின்னு போய் நில்லுங்க!"

லிஃப்ட்காரர் அவரை அப்படியே கட்டிப்பிடித்துக்கொண்டார். சட்டைக் காலரில் செருகியிருந்த ஊசி கன்னத்தில் குத்தியது. அதைப் பற்றி யாருக்குக் கவலை!

அன்று அவள் பொம்மைக் கண்களைத் தேய்த்துக்கொண்டிருந்தபோது பக்கத்தில் போய் நின்றார்.

"ஐயையோ, கண்ணுல தூசி!"

கையில் இருந்ததைப் போட்டுவிட்டு ஓடி வந்தாள். ஜன்னலோரம் உட்கார வைத்தாள். மோவாயை ஒரு விரலால் நிமிர்த்தி, லென்ஸை வைத்துக்கொண்டு குனிந்தாள். ஒரு சாண் தூரத்தில் அவள் முகம்! புருவத்தில் இருந்த சின்ன மச்சம் இன்னும் அதே இடத்தில்தான் இருந்தது.

"மேல பாருங்க."

"உன்னையேதான் பாக்கறேன்."

"மேலன்னு சொன்னேன்!"

கால் மணி நேரம் பார்த்தாள். மறுநாள் வலது கண்ணில் தூசி. மூன்றாம் நாள் இரண்டிலும்.

"ரெண்டுலயுமா?"

"காத்து பலமா அடிக்குதும்மா."

அன்றைக்கு லென்ஸைக் கீழே வைத்த பிறகும் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். இந்தத் தூசியை முப்பது வருஷத்துக்கு முன்னாடியே கண்டுபிடித்திருக்கலாமே என்று ஏங்கினார்.

இரண்டு நாள் கழித்து, தலையைப் படிய வாரிக்கொண்டு, தூசியோடு வந்தார். அவர் நாற்காலியில் வேறொருவர் உட்கார்ந்திருந்தார். முழங்கால் உயரப் பொம்மை. நீலச் சட்டை. கண்கள் இரண்டும் அச்சு அசலாக அவருடையவை. இடது கண் வெள்ளையில் அவருக்கு இருக்கும் பழுப்புப் புள்ளிகூட அதில் இருந்தது.

"யாரு இது?"

"நல்லாப் பாருங்க, தெரிஞ்ச ஆள்தான்."

"சட்டை?"

"உங்க பழைய யூனிஃபார்ம். கீழ்வீட்டுக்காரர் வெட்டித் தச்சுக் குடுத்தார்."

மெல்ல உறைத்தது.

"அப்ப அந்தத் தூசி யோசனை..."

"நான்தான் அவரை உங்ககிட்டச் சொல்லச் சொன்னேன். உங்க கண்ணைப் பாத்துச் செய்யணும், கொஞ்சம் உக்காருங்கன்னு போன வருஷம் நாலு தடவை கேட்டேன். பேப்பருக்குள்ளேருந்து 'உம்'னீங்க. தூசி விழுந்த கண்ணு செவந்துல்ல போகும்? உங்களுது பளபளன்னு இருந்துச்சு!"

"சரி, யாரு கேட்ட பொம்மை இது?"

"யாரும் கேக்கலை. எனக்குத்தான்." கையைத் துடைத்துக்கொண்டாள். "இத்தனை வருஷமா நான் சொன்னதையெல்லாம் பேப்பரோட முதுகுதான் கேட்டுச்சு. இது அப்படியில்லை. பேசினா என்னையே பாக்குது. காலையிலேர்ந்து பாதிக் கதை சொல்லி முடிச்சுட்டேன்."

அவள் சொன்னதில் ஒரு வார்த்தை பொய்யில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டு, அவளுக்கு நேர் எதிரே, முகத்தோடு முகமாக உட்கார்ந்தார்.

"இனிமே நான் பாக்கறேம்மா. எல்லாத்தையும் முதல்லேருந்து எங்கிட்டச் சொல்லு."

அவள் நிமிர்ந்தாள். லென்ஸ் இல்லாமல், தூசி இல்லாமல், அவரை முழுசாகப் பார்த்தாள்.

"சொல்றேன். கொஞ்சம் தள்ளி உக்காருங்க, அவருக்கு மறைக்குது."