அக்கா விருந்தும் என் ஜாவா செயலியும்

தனியாக உட்கார்ந்து சோதித்தால் உலகத்தில் எல்லாமே வேலை செய்யும். நான் எழுதிய செயலியும் அப்படித்தான் வேலை செய்தது, அக்காவின் கல்யாண விருந்து நாள் வரை.

அப்போது நான் பிரிக்ஃபீல்ட்ஸில் ஓர் அலுவலகத்தில் ஜாவா நிரலாளராகச் சேர்ந்து சில மாதங்களே ஆகியிருந்தன. (தலைக்கனத்துக்கு அது போதும்.) விருந்து கிள்ளானில் ஒரு மண்டபத்தில். வாசலில் ஒட்டிய க்யூஆர் குறியைக் கைப்பேசியில் ஸ்கேன் செய்து பெயரைத் தட்டினால், "வாங்க" என்று பெயர் சொல்லி மேசையைக் காட்டும் செயலி அது. பட்டியல் போட்டுச் சோதித்தேன்: நீளமான பெயர், ஒரே பெயரில் இருவர், அழைக்கப்படாதவர். எல்லாம் பாஸ். சோதித்தது நான் ஒருத்தி, ஒரே கைப்பேசியில்.

அக்காவுக்கு ஒரே கவலைதான். மாப்பிள்ளையை வளர்த்த பெரியம்மா ரவாங்கிலிருந்து வருகிறார். இந்தச் சம்பந்தத்துக்கு அரை மனதாகத் தலையாட்டியவர்.

"அவங்கள முதல் மேசையில கரெக்டா உட்கார வச்சிடு. முகம் சுருங்குச்சுன்னா காலம்பூரா நான்தான் வாங்கிக் கட்டிக்கணும்."

"டென்ஷன் ஆகாதக்கா. சிஸ்டம் பாத்துக்கும் லா."

விருந்தினர்கள் ஒருவர் பின் ஒருவராக வந்தவரை சிஸ்டம் பார்த்துக்கொண்டது. பிறகு மழை கொட்டியது. கார் நிறுத்துமிடத்தில் கதை பேசிக்கொண்டிருந்த மொத்தக் கூட்டமும் உள்ளே ஓடி வந்து, ஒரே நேரத்தில் ஸ்கேன் செய்தது.

"மச்சான், நமக்கு முதல் மேசை லா!" என்று துள்ளினார் நாற்காலி ஏற்றி வந்த லோரி அண்ணன். அவருக்குப் பின்னால் பட்டுப்புடவையில் நின்ற பெரியம்மா, கைப்பேசியை என் முகத்துக்கு நேரே நீட்டினார். 'வாங்க, கவின்! குழந்தைகள் மேசை.'

"ஏம்மா, நான் கவினா?"

நான் வாயைத் திறப்பதற்குள், "சரி, கம்ப்யூட்டரே சொல்லிடுச்சு," என்று விறுவிறுவென நடந்துவிட்டார்.

காரணம் நொடியில் புரிந்தது. இந்த வகைச் செயலியில் வருகிறவர்களுக்கெல்லாம் பதில் சொல்வது ஒரே கன்ட்ரோலர்தான். கவுன்ட்டரில் இருக்கும் ஒற்றை ஆள் மாதிரி. ஆனால் அத்தனை பேரோடும் ஒரே நேரத்தில் பேசுகிற ஆள். அவர் கையில் நான் ஒரே ஒரு சிலேட்டைக் கொடுத்திருந்தேன். பெரியம்மாவின் பெயரை எழுதி மேசையைத் தேடுவதற்குள், அது அழிந்து அங்கே கவின் வந்துவிட்டான்.

முதலுதவியாக, மீசைக்கார மாமாவை வாசலில் நிறுத்தினேன்.

"ஒவ்வொருத்தரா! முந்துனா வீட்டுக்கு அனுப்பிடுவேன்!"

மாமா பிரமாதமான பூட்டு. அதன் பிறகு ஒரு பெயரும் மாறவில்லை. வரிசைதான் மழையில் வெளியே நீண்டுகொண்டே போனது. சமையல்கார அண்ணன் ஓடி வந்தார்: "தங்கச்சி, ஆட்டுக்கறி ஆறுது. ஆளுங்கள எப்பதான் விடுவீங்க?"

பாதுகாப்பு முழுசு, வேகம் பூஜ்யம்.

பட்டுப்புடவையோடு மாடிப்படியில் உட்கார்ந்து மடிக்கணினியைத் திறந்தேன். எல்லாருக்கும் பொதுவாக மேலே வைத்திருந்த அந்தச் சிலேட்டை, அதாவது பெயரைத் தாங்கும் மாறியை, பதில் சொல்லும் மெத்தடுக்குள் இறக்கினேன். ஒரே வரி! இனி வருகிற ஒவ்வொருவருக்கும் தனிச் சிலேட்டு. செயலியை மறுபடி ஏற்றிவிட்டுக் கத்தினேன்: "மாமா, எல்லாரையும் விடுங்க!"

"இப்பதான் ஒழுங்கா போய்க்கிட்டு இருக்கு. நீ உள்ள போம்மா." (அதிகாரம் ருசித்துவிட்டது.)

அத்தை வந்து அவரை இழுத்துப் போனார். கூட்டம் வெள்ளமாய் நுழைந்தது. அத்தனை கைப்பேசியிலும் சரியான பெயர், சரியான மேசை! நான் படியிலேயே குதித்தேன். புடவைக் கொசுவம் அவிழ்ந்ததுகூடத் தெரியவில்லை.

கொசுவத்தைச் செருகிக்கொண்டே குழந்தைகள் மேசைக்கு ஓடினேன். பெரியம்மா தலையில் காகிதத் தொப்பி.

"மன்னிச்சிடுங்க பெரியம்மா, முதல் மேசைக்கு வாங்க..."

"எதுக்கு? அங்க எல்லாரும் என் மூட்டுவலியப் பத்தித்தான் கேப்பாங்க. ஐஸ்க்ரீம் இங்கதான் முதல்ல வருதாம்."

மேடையிலிருந்து அக்கா கண்ணாலேயே என்னைப் பொசுக்கிக்கொண்டிருந்தாள். பெரியம்மா அவளைப் பார்த்து ஐஸ்க்ரீம் கரண்டியை உயர்த்திக் காட்டிய பிறகுதான் அவளுக்கு மூச்சே வந்தது. (லோரி அண்ணன் கடைசிவரை முதல் மேசையைவிட்டு எழவில்லை.)

இன்றும் ரவாங் வீட்டுக்கு நான் தனியாகத்தான் போவேன். பெரியம்மா கம்பிக்கதவைப் பாதி மட்டும் திறந்து, என் பின்னால் இல்லாத கூட்டத்தைப் பார்த்து, "ஒவ்வொருத்தரா!" என்று அதட்டுவார்.

பிறகு என் பக்கம் திரும்பி, "நீ வா, கவின்."