அமுக்கு மாமாவின் ஆடு

எங்கள் கடலோர ஊரான இனயத்தில் கடலைவிட அதிகம் பயப்பட வேண்டிய பொருள் ஒன்று உண்டென்றால், அது அமுக்கு மாமாவின் வலது கட்டைவிரல். கடலாவது காற்றடிக்கும் முன் கறுத்துக் காட்டும். அந்த விரல் எதையும் காட்டாது.

கடலுக்குள் இருக்கும் மீன்பிடிப் போட்டுகளோடு கரையிலிருந்து பேசும் வயர்லெஸ் அறை அவர் பொறுப்பு. எஞ்சினியரிங் முடித்து ஊருக்கெல்லாம் விண்ணப்பம் போட்டுக்கொண்டிருந்த நான், வானிலை அறிக்கையை அச்செடுத்து அந்த அறை வாசலில் ஒட்டுவேன். மாமாவின் போனில் ஒரு ஆப். கட்டம் கட்டமாகப் பொத்தான்கள். ஒன்றை அமுக்கினால் கைதட்டல், ஒன்றில் போலீஸ் சைரன், இன்னொன்றில் ஆடு. ஒரு தடவை அமுக்கி ஓய்கிற விரலா அது?

சைரனைக் கேட்டு ஐஸ் லாரி ஒன்று ஓரங்கட்டி, டிரைவர் லைசென்ஸும் கையுமாகக் கால் மணி நேரம் நின்றார். ஓர் அடக்க வீட்டில் இரங்கல் உரை முடிந்த நொடியில் மாமாவின் சட்டைப்பையிலிருந்து கைதட்டல் கிளம்பியது. பேசியவர் மட்டும் லேசாக மகிழ்ந்ததாகக் கேள்வி.

ஆனால் அவருடைய செல்லம் ஆடுதான். போட்டு ஓட்டும் என் அப்பா, ஒருமுறை கடலுக்குப் புறப்படும் முன் வந்து விசாரித்தார்.

"காத்து எப்பிடி இருக்கு ஓய்?"

மே.

"வெளயாடாதயும். போலாமா?"

மே, மே, மே.

"இன்னொருக்க அமுக்கினா போனத் தூக்கிக் கடல்ல எறிவேன், பாத்துக்கிடும்."

அப்பா கடலுக்குப் போன நான்காம் நாள் நான் ஒட்டிய தாளில் பலத்த காற்று என்றிருந்தது. கரைக்குத் திரும்பச் சொல்லி மாமா கூப்பிட்டார். எல்லாப் போட்டும் பதில் சொன்னது, அப்பாவின் 'சகாய அன்னை' தவிர. அம்மா ஜெபமாலையோடு அறை வாசலில் வந்து உட்கார்ந்தாள். நான் காற்று வரைபடத்தை நிமிடத்துக்கு ஒருமுறை புதுப்பித்தேன். காற்று என் அவசரத்துக்கு மாறவில்லை.

"சகாய அன்னை, சகாய அன்னை, கரைல இருந்து கூப்பிடுதேன்..."

மறுநாள் மதியத்துக்குள் கூப்பிட்டுக் கூப்பிட்டே மாமாவின் தொண்டை கட்டிவிட்டது. மைக்கை நான் வாங்கினேன். பெயரில் பாதிதான் வந்தது, மீதி அழுகை. அவர் மைக்கைத் திரும்பப் பிடுங்கி, போனை அதன் வாயில் வைத்து அமுக்கினார்.

மே.

"எவம்லே அது, வயர்லெஸ்ல ஆடு மேய்க்கது?" என்றது திரும்பிக்கொண்டிருந்த ஒரு போட்டு.

எனக்கும் ஆத்திரம் வந்தது. "மாமா, இதுவா வெளயாட நேரம்?"

வெறும் காற்றாகத்தான் பேசினார். "பேர யாரும் கூப்பிடலாம் மக்களே. ஆடுன்னா நாந்தான்னு ஒங்கப்பனுக்குத் தெரியும். காத்துல பேச்சு கலங்கும், இது கலங்காது."

இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை. அமுக்குவார், காது கொடுப்பார், இரைச்சல் மட்டும் வரும், மறுபடி அமுக்குவார். வலது விரல் வீங்கியதும் இடது விரலுக்கு மாறினார். அந்த விரல் பொத்தானைத் தேடித் தேடித் தடுமாறியது. அவரும் பயந்துபோயிருக்கிறார் என்று அப்போதுதான் தெரிந்தது. ஆப்பில் அதற்குப் பொத்தான் கிடையாது.

நாலு மணி இருக்கும். இரைச்சலுக்கு நடுவே ஏதோ கிழிந்தது.

"ஓய்... கரைக்கு வந்து... மொதல்ல அந்த ஆட்ட அறுக்கேன்..."

அம்மா ஜெபமாலையைத் தரையில் போட்டுவிட்டு உள்ளே ஓடி வந்தாள். பதில் சொல்ல மாமாவுக்குக் குரல் இல்லை. மைக்கைப் பிடித்து ஒரே ஒருமுறை அமுக்கினார். மே.

எஞ்சின் பழுதாகி வயர்லெஸுக்கு எட்டாத தூரம் இழுபட்டிருந்த போட்டு, பாதி வேகத்தில் மறுநாள் காலை வந்து சேர்ந்தது. ஆட்டை யாரும் அறுக்கவில்லை. இப்போதெல்லாம் அப்பா புறப்படும் முன் அறைக்குள் எட்டிப் பார்த்து, காற்றைப் பற்றிக் கேட்பதற்கு முன்னால் வேறொன்று கேட்கிறார்.

"ஓய், ஆட்டுக்குச் சார்ஜ் இருக்கா?"

இருக்கும். காலையில் வானிலைத் தாளை ஒட்டும் முன்பே, அந்தப் போனைச் சார்ஜில் போட்டுவிடுகிறேன்.