பட்டாணித் தோல் காட்டிக்கொடுத்த கற்கால மனிதர்

கோப்புகளுக்கு ஒழுங்காகப் பெயர் வைக்காதவர்கள் என்றாவது ஒருநாள் சபையில் மானத்தைக் கப்பலேற்றியே தீருவார்கள். நான் ஏற்றியது பெரிய கப்பல். அதில் அப்பாவையும் ஏற்றிவிட்டேன்.

அப்போது நான் டெல்லியில் தொல்லியல் ஆய்வு மாணவி. ஊருக்கு வெளியே ஆரவல்லிச் சரிவில், கற்கால மனிதர்கள் தங்கிய இடத்தில் சிதறிக் கிடந்த கல் சில்லுகளை, ஒவ்வொன்றுக்கும் ஒரு புள்ளியாகக் கணினி வரைபடத்தில் ஏற்றுவதுதான் வேலை. புள்ளிகள் விழுந்திருக்கும் விதத்தைப் பார்த்தே யார் எங்கே உட்கார்ந்து கல்லை உடைத்தார்கள் என்று சொல்லிவிடலாம் என்பது என் கட்சி. (அப்பாவின் கட்சி வேறு: "கல்லு பொறுக்கினது போதும். இந்தக் கமிட்டி ஒத்துக்கலன்னா பேங்க் பரீட்சை எழுதிரணும், சொல்லிட்டேன்.")

மென்பொருளைப் பழகிக்கொள்ள முதலில் வீட்டிலேயே ஒரு சோதனை செய்தேன். லக்ஷ்மிபாய் நகர் குவார்ட்டர்ஸில் குளிர்கால ஞாயிறு. அம்மா கூடத்துத் தரையில் உட்கார்ந்து மட்டர் உரித்தாள். (டெல்லிக்கு வந்த பிறகு பட்டாணி எங்களுக்கு மட்டர் ஆகிவிட்டது.) அவள் எழுந்ததும் ஸ்டூல்மேல் ஏறிப் படமெடுத்து, தோல் ஒவ்வொன்றுக்கும் ஒரு புள்ளி வைத்தேன்.

"பாதி மட்டர் எங்க போச்சு?" என்று அம்மா கேட்டது காதில் விழுந்தது.

"காய்கறி வண்டி பையா எடையில ஏமாத்திட்டான்" என்றார் அப்பா.

அந்தக் கோப்புக்கு 'முகாம்' என்று பெயர் வைத்தேன். மலைக் கோப்புக்கும் அதே பெயர்தான், வேறு ஃபோல்டரில். (என்ன அறிவு!)

என் ஆய்வுக்கு ஒப்புதல் தருவதா என்று கமிட்டி முடிவு செய்யும் நாளன்று, கடைசி வரிசையில் முடிவை நேரில் பார்க்க வந்த அப்பா. முன்வரிசையில், மாணவர்களை அழவைப்பதில் பெயர்பெற்ற பேராசிரியை. திரையில் வரைபடம் விரிந்ததும் அவர் இந்தியில் ஆரம்பித்தார். (தமிழில் தருகிறேன்.)

"அச்சா! நடுவுல இந்தக் காலி இடத்துல ஒருத்தர் உட்கார்ந்து வேலை பார்த்திருக்கார். கழிவெல்லாம் இடது பக்கம். இது என்ன, வால் மாதிரி வெளியே போகுது? இன்னொருத்தர் வந்து அள்ளிக்கிட்டு இந்தப் பக்கமா நழுவியிருக்கார். திருடன்!"

வால் எங்கள் பால்கனிக் கதவுக்குப் போவதை அப்போதுதான் கவனித்தேன். நான் திறந்திருந்தது மட்டர் 'முகாம்'!

"இங்கே என்ன வகைப் பாறை, பேட்டா?"

"மொசைக் தரை, மேடம்."

பொய் சொல்ல வாய் வரவில்லை. மட்டர் கதையை முழுக்கச் சொன்னேன். அரங்கமே சிரித்தது. "அப்போ திருடன் யார்?" என்றார். திரும்பிப் பார்த்தேன். அப்பா அவசரமாகக் குனிந்து ஷூ லேஸ் கட்டிக்கொண்டிருந்தார். (போட்டிருந்தது செருப்பு.)

பேராசிரியை மட்டும் சிரிக்கவில்லை. "எதுன்னு தெரியாமலே உன் வீட்டைச் சரியாப் படிச்சிட்டேனே! அப்படின்னா உன் முறை சரிதான். மலையைக் காட்டு."

மலைக் கோப்பைத் திறந்தேன். கல் சில்லுகளுக்கு நடுவே, அம்மா உட்கார்ந்த இடத்தைப் போலவே ஒரு காலி இடம். எத்தனையோ ஆயிரம் வருடங்களுக்கு முன் எழுந்துபோன ஒருவர் எங்கள் எல்லோர் கண்ணுக்கும் தெரிந்தார். எனக்குச் சந்தோஷத்தில் அழுகை வந்துவிட்டது. ஆய்வுக்கு அன்றே ஒப்புதல் கொடுத்தார்கள்.

பேங்க் பரீட்சைப் பேச்சை அப்பா அதோடு விட்டுவிட்டார். பேசும் நிலைமையில் அவர் இல்லை. இன்றும் மட்டர் உரிக்கும்போது அவர் பக்கத்தில் வந்து நின்றால், அம்மா நிமிர்ந்துகூடப் பார்ப்பதில்லை.

"எடுங்க, எடுங்க. தோலை மட்டும் இங்கனயே போட்டுட்டுப் போங்க. மக மேப்பு போட்டுருவா."