விதைக்கடையின் ஆரஞ்சுப் பட்டன்

"தம்பி, எனக்கு இன்னும் பச்சையாத்தான் தெரியுது. ஆரஞ்சைக் காணோமே," என்றார் வைத்திலிங்கம்.

அறிவரசனுக்குப் பகீரென்றது. பெரம்பலூரில் அவருடைய விதைக்கடைக்கு வெப்சைட் போட்டுக் கொடுக்க, அரியலூரிலிருந்து பைக்கில் வந்து போகிறவன் அவன். விஷயம் சின்னதுதான். லாகின் பண்ணின விவசாயிக்குப் பச்சைப் பட்டன்: 'மூட்டை எடுத்து வைங்க'. லாகின் பண்ணாத ஆளுக்கு ஆரஞ்சுப் பட்டன்: 'பேரைப் பதியுங்க'. இதைக்கூடச் சொதப்பிவிட்டு, கல்லாவில் உட்கார்ந்திருக்கிற அவர் மகள் பிரவீணாவை எந்த மூஞ்சியோடு பெண் கேட்பது?

"ஐயா, நீங்க லாகின்ல இருக்கீங்க. அதான் பச்சை. கீழ 'வெளியேறு'ன்னு இருக்கு பாருங்க, அதை அமுக்குங்க."

"என்னது! சொந்தக் கடையிலேர்ந்து என்னையே வெளியேறச் சொல்றியா? அதுவும் வெள்ளிக்கிழமையும் அதுவுமா!"

நியாயம்தான். மறுநாள் வந்து அதை 'போயிட்டு வரேன்' என்று மாற்றினான். வைத்திலிங்கம் திருப்தியாக அமுக்கினார். ஆரஞ்சு பளிச்சென்று வந்தது. பாஸ்வேர்டுதான் அவருக்கு மறந்துவிட்டது.

"முதலாளியையே பேரைப் பதியச் சொல்லுதே தம்பி! நல்லாருக்கா இது?"

பாஸ்வேர்டே வேண்டாம், கடைக் கம்ப்யூட்டர் எப்போதும் லாகினிலேயே கிடக்கட்டும் என்று செய்து கொடுத்தான். குன்னத்திலிருந்து விதை வாங்க வந்த விவசாயிகளுக்கெல்லாம் அவரே அதில் பச்சையை அமுக்கிவிட, அத்தனை மக்காச்சோள விதையும் அவர் பேரிலேயே பதிவானது. அதைச் சரிபண்ணப் போய், இரண்டு பட்டனும் ஒன்றின்மேல் ஒன்று ஏறி நின்றன.

"நாளைக்கும் வந்துடு தம்பி."

"வூட்லேர்ந்தே சரி பண்ணிடுவேங்க ஐயா."

"அதெல்லாம் ஆகாது. நேர்ல வா."

பிரவீணா கொடுத்த டீயைக் குடிக்கும்போது மட்டும் உலகம் நன்றாகத்தான் இருந்தது. அவள் சிரித்தாள். இவனும் சிரித்தான். அதற்குமேல் வாய் வரவில்லை.

ஒருவழியாகப் பச்சை பச்சையாகவும் ஆரஞ்சு ஆரஞ்சாகவும் வந்தன. வைத்திலிங்கம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஆரஞ்சு கொஞ்சம் வெளிறின மாதிரி இல்ல? நாளைக்கு வந்து பாரு."

அறிவரசன் நொந்துபோய் பைக்கருகே வந்தான். கடைக்குச் சாப்பாடு கொண்டுவந்த வைத்திலிங்கத்தின் மனைவி வெற்றிச்செல்வி எதிரே வந்தார்.

"ஏன் தம்பி மொகம் வாடிக் கெடக்கு?"

"ஐயாவுக்கு என் வேலை புடிக்கவே இல்லைங்க அம்மா."

"அட, நீங்க ஒண்ணு! அந்த மனுசனுக்கு மொத நாளே எல்லாம் விளங்கிடுச்சு. வேலை முடிஞ்சா நீங்க இந்தப் பக்கமே வரமாட்டீங்களேன்னு இழுத்துக்கிட்டு இருக்காரு. எப்பதான் பொண்ணு கேப்பீங்க தம்பி?"